எதுக்களிப்பு அறுவைக்குப் பின்னும் தீராத வலி: வலி மருத்துவப் பிரிவில் ஒன்பது மாதங்கள்

எதுக்களிப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தையல் ஆறிய பிறகும் வலி ஆறாமல் அலைகிறவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு மருத்துவமனையின் வலி மருத்துவப் பிரிவில் ஒன்பது மாதங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இத்தகைய பிரிவு ஒன்று என்ன செய்யும், எதைச் செய்யாது, அங்கே போவதற்கு முன் எதையெல்லாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவத்தோடு சொல்வதே என் நோக்கம்.

எதுக்களிப்பு அறுவையின் மருத்துவப் பெயர் ஃபண்டோப்ளிகேஷன். இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றி வளைத்துத் தைத்து, அமிலம் மேலேறாதபடி ஒரு தடுப்பை உண்டாக்குகிறார்கள். ருடால்ஃப் நிசன் என்னும் அறுவை மருத்துவர் 1956இல் இந்த முறையை வெளியிட்டார். 1991 முதல் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகவும் இதைச் செய்து வருகிறார்கள். இரைப்பையை 360 பாகையும் முழுதாகச் சுற்றுவது நிசன் முறை, பின்புறமாக 270 பாகை மட்டும் சுற்றுவது டூப்பே முறை. எனக்குச் செய்தது நிசன் முறை. வயிற்றில் ஐந்து துளைகள். பலருக்கு இந்த அறுவை நன்றாகவே பலன் தருகிறது. எனக்கும் பத்து ஆண்டுகளாக இருந்த நெஞ்செரிச்சல் அன்றோடு நின்றுவிட்டது என்பதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் மூன்று வாரத்தில் போய்விடும் என்று சொன்ன வலி போகவில்லை. இடது விலா எலும்புக்குக் கீழே, ஒரு துளையின் தழும்பை ஒட்டி, ஊசியால் குத்தித் திருகுவது போன்ற வலி ஒன்று. படுக்கையிலிருந்து எழும்போதும், இருமும்போதும், காரில் ஏறி இறங்கும்போதும் அது வரும். சாப்பிட்ட பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்தது போன்ற பாரமும் குமட்டலும் தனி. நான்கைந்து கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். ஏப்பம் விட முயன்றால் வராது. மதியம் சாப்பிட்டது இரவிலும் வயிற்றிலேயே இருப்பது போலத் தோன்றும். இவை இரண்டு வேறு வலிகள் என்பது எனக்கே அப்போது தெரியாது. யார் கேட்டாலும் ‘மேல்வயிறு முழுக்க வலிக்கிறது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுவை செய்த மருத்துவமனையில் எண்டோஸ்கோபியும் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் செய்தார்கள். அந்தச் சோதனைகளை நான் குறை சொல்ல மாட்டேன்; உணவுக்குழாயைச் சுற்றித் தைத்த கட்டு நழுவியிருக்கிறதா, அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா, உதரவிதானத்துக்கு மேலே ஏறிவிட்டதா என்று முதலில் பார்த்தே ஆக வேண்டும். கட்டு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய விதத்தில் இருந்தது. என் குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற அறிக்கையோடு பேச்சை முடித்துவிட்டார்கள். ஏழு மாதங்களில் நான்கு முறை போனேன். நான்காம் முறை, பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறிக்கை சரியாக இருப்பதும் நோயாளி சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால், அந்த ஏழு மாதங்களில் பாதியையாவது நான் மீட்டிருப்பேன். வீட்டில் இருப்பவர்களும் கூட, அன்பு குறையாமலேயே, என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் குடும்ப மருத்துவர்தான் வலி மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். முதல் சந்திப்புக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அந்தப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது, அறுவைக் குறிப்பின் முழு நகலும் வேண்டும் என்றார்கள். அதைப் பெறுவதற்குள் இரண்டு வாரம் அலைந்தேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அந்த நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் துளைகள் எங்கெங்கே போடப்பட்டன என்ற விவரத்தோடு, இரைப்பையை இயக்கும் பின்புற வேகஸ் நரம்பைத் தெளிவாக அடையாளம் காண முடியவில்லை என்ற ஒரே ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் திசைதிருப்பியது.

முதல் சந்திப்பு ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. மயக்கவியலில் பயிற்சி பெற்று வலி மருத்துவத்துக்கு வந்த மருத்துவர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். முன்னதாக, மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, வலிக்கும் இடத்தைப் பென்சிலால் தீட்டச் சொன்னார்கள். நான் இரண்டு விலாக்களுக்கும் இடையே இருந்த பகுதி முழுவதையும் கறுப்பாக்கிக் கொடுத்தேன். சுழியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் சொல்லச் சொன்னார்கள். இந்த எண் விளையாட்டு எனக்கு ஒருபோதும் பிடிபடவில்லை, இன்றும் ஏதோ ஓர் எண்ணைத்தான் சொல்கிறேன். ஆனால் அடுத்த கேள்வி நன்றாக இருந்தது: ‘இந்த வலியால் நீங்கள் செய்யாமல் விட்ட காரியங்கள் எவை?’ அதற்கு என்னிடம் நீளமான பதில் இருந்தது. அதை வலி மருத்துவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பிறகு மேசையில் படுக்கச் சொன்னார். ‘எந்த இடத்தில் வலி என்று கையால் தடவிக் காட்ட வேண்டாம், ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்’ என்றார். தொட்டுக் காட்டினேன். அதே புள்ளியில் அவர் தம் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினார், வலித்தது. விரலை எடுக்காமலே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தலையையும் தோள்களையும் மட்டும் மேசையிலிருந்து தூக்கச் சொன்னார். தூக்கிய அந்தக் கணத்தில் வலி இரண்டு மடங்காகி என்னை அறியாமல் கத்திவிட்டேன். உடனே விரலை எடுத்துவிட்டு, ‘மன்னித்துக்கொள்ளுங்கள், இதுதான் நான் தெரிந்துகொள்ள வேண்டியது’ என்றார். அப்புறம் அந்தத் தழும்பின் அருகே தோலை மட்டும் இரு விரல்களால் கிள்ளிப் பார்த்தார், வலப்பக்கத்தில் அதே இடத்தில் கிள்ளினார். வலப்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கத்தில் தோலைத் தொட்டாலே எரிந்தது.

இதற்குக் கார்னெட் சோதனை என்று பெயர், 1926இலேயே விவரிக்கப்பட்டது. வலி உள்ளுறுப்பிலிருந்து வந்தால், வயிற்றுத் தசை விறைக்கும்போது அது கேடயம் போல உறுப்பைக் காத்து வலியைக் குறைக்கும். வலி வயிற்றுச் சுவரிலேயே இருந்தால், தசை விறைக்கும்போது கூடும். விலாக்களுக்கு இடையிலிருந்து வரும் சிறு நரம்புகள் வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. அறுவைத் துளையோ தழும்போ அந்த வழியில் ஒரு நரம்பை இறுக்கிப் பிடித்துவிடலாம். எந்த எண்டோஸ்கோபியும் இதைக் காட்டாது, ஏனெனில் அது உள்ளே பார்க்கும் கருவி, வலியோ சுவரில் இருக்கிறது. ஒரு விரலும் அரை நிமிடமும் போதுமான இந்தச் சோதனையை ஏழு மாதங்களில் எவரும் எனக்குச் செய்து பார்க்கவில்லை.

அடுத்த சந்திப்பில் அல்ட்ராசவுண்டின் துணையோடு அந்தப் புள்ளியில் லிடோகெய்ன் மரப்பு ஊசி போட்டார்கள். பத்து நிமிடம் கழித்து எழுந்து உட்காரச் சொன்னபோது, கைகளை ஊன்றாமல் உட்கார்ந்தேன். உடன் வந்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நிம்மதி மாலைக்குள் கலைந்துவிட்டது. மரப்பு மருந்து இறங்கினால் வலி திரும்பும், ஆனால் திரும்புவதற்கு முன் அது போனது என்பதே இது எந்த வலி என்பதற்கான சான்று என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் இல்லை. அதன் பிறகு ஸ்டீராய்டு கலந்து இரண்டு ஊசிகள் போட்டிருக்கிறார்கள். குத்துகிற வலி இன்று முன்பு இருந்ததில் கால்வாசி இருக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஊசி பலிக்காமல் அந்த நரம்பையே அறுத்து நீக்க வேண்டியவர்களும் உண்டு என்று மருத்துவரே சொன்னார்.

இரண்டாம் வலிக்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை. அறுவைக் குறிப்பிலிருந்த அந்த வரியைப் படித்துவிட்டு, இரைப்பை குடல் நிபுணரோடு பேசி, இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளக்கும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் கலந்த உணவை உண்டுவிட்டு, நான்கு மணி நேரம் வரை இடையிடையே காமா கேமராவின் முன்னே நிற்க வேண்டும். நான்காம் மணியில் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் அது தாமதம் என்று கொள்கிறார்கள். எனக்கு 31 சதவீதம் தங்கியிருந்தது.

அந்த முடிவை அவர்கள் சொன்ன விதத்துக்காகவே இந்தப் பிரிவை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். மருத்துவர் மேசைக்கு அப்பால் உட்காராமல் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘உடன் யாராவது வந்திருக்கிறார்களா?’ என்று கேட்டு, அக்காவையும் உள்ளே அழைக்கச் சொன்னார். இது இரைப்பை முடக்கம், காஸ்ட்ரோபரேசிஸ் என்று சொல்வோம் என்றார். இரைப்பையை அசைத்துக் காலி செய்யச் சொல்லும் வேகஸ் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. கட்டுப் போடும்போது அது இழுபட்டோ நசுங்கியோ இருக்கலாம். இழுபட்ட நரம்பு மாதக்கணக்கில் மெல்ல மீளக்கூடும், மீளாமலும் போகக்கூடும். பிறகு, ‘இது உங்கள் கற்பனையில்லை. ஆனால் இந்த நரம்பைப் பழையபடி ஆக்கும் மருந்து என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் போல எதுவும் பேசாமல் இருந்தார். அந்த ஒரு நிமிடத்தை அவர் எங்களுக்காக ஒதுக்கினார் என்றே இன்றும் நினைக்கிறேன். அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முதல் வாக்கியத்தைத்தான் மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாக்கியம் உறைக்க மூன்று நாட்கள் ஆயின, அந்த மூன்றாம் நாள் இரவு மிகக் கொடியதாக இருந்தது. தலையில் இடி விழுந்தது போல என்பார்களே, எனக்கு அந்த இடி மூன்று நாள் தாமதமாக விழுந்தது. மறுவாரமே இன்னொரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கேள்விகள் எல்லாம் முதல் நாளில் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மறுவாரச் சந்திப்பில்தான் மருந்துகளைப் பற்றிப் பேசினோம். வீட்டில் நான் வைத்திருந்த ஓபியாய்டு வகை (அபினைப் போல வேலை செய்யும்) வலி மாத்திரையை முதலில் நிறுத்தச் சொன்னார்கள். அது வலியை மறைத்தாலும் இரைப்பையின் அசைவை மேலும் மந்தமாக்கும், அதாவது நான் விழுங்கியது என் நோயையே வளர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை ஒன்றை எழுதித் தந்தார்கள். மெட்டோக்ளோப்ரமைடு இரைப்பையை அசைக்க உதவும், எனினும் 12 வாரத்துக்கு மேல் நீட்டினால் முகத்திலும் நாக்கிலும் தானாக அசையும் கோளாறு நிலைத்துவிடும் ஆபத்து கூடும் என்று சொல்லி, முடிவு தேதியையும் அப்போதே குறித்துவிட்டார்கள். நரம்பு வலிக்காக இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தந்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவில் இது மிகச் சிறு பகுதி என்பதையும், எனக்கு மனநோய் என்று எண்ணி இதைத் தரவில்லை என்பதையும், இதுவும் இரைப்பையைக் கொஞ்சம் மந்தமாக்கக்கூடும் என்பதால் அளவைக் கூட்டும் முன் கவனித்துப் பார்ப்போம் என்பதையும் நான் கேட்காமலே சொன்னார்கள். ஏற்கெனவே ஒருமுறை ‘பதற்றம்’ என்று எழுதி அனுப்பப்பட்டவனுக்கு அந்த விளக்கம் மாத்திரையைவிடப் பெரியது.

இயன்முறை மருத்துவரிடம் நான் எதையும் எதிர்பார்க்காமல் போனேன். மாதக்கணக்கில் இடப்பக்கம் குனிந்தே நடந்து, மூச்சையும் மேலோட்டமாகவே இழுத்துப் பழகிவிட்டேன் என்பதை அவர்தான் கண்ணாடியில் காட்டினார். உதரவிதானத்தால் மூச்சுவிடும் பயிற்சியை ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக் கற்றுக்கொடுத்தார். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடக்கும் வழக்கத்தையும் அவர்தான் உடைத்தார். நல்ல நாளோ கெட்ட நாளோ, நடை பன்னிரண்டு நிமிடம்தான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இருபத்தைந்து நிமிடம் நடக்கிறேன்.

உளவியல் ஆலோசகரோடு ஆறு அமர்வுகள். வலி நீடிக்கும்போது நரம்பு மண்டலமே எச்சரிக்கை மணியை உரக்க அடிக்கப் பழகிவிடும் என்று அவர் விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, அறுவைக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். என் கோப்பில் அந்தப் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டிய பிறகு அலுவலகத்தில் விடுப்புக்காக வாதாட வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன, அவற்றில் சில சிறியவை அல்ல. இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் இடையே நான்கு வாரம் என்று சொல்லிவிட்டு ஒன்பது வாரம் ஆக்கினார்கள். கிடைத்த முன்னேற்றத்தில் பாதியைக் கடைசி மூன்று வாரங்களில் இழந்தேன். தொலைபேசியை எடுப்பதற்கு ஆள் அரிது, வாரக் கடைசியில் யாருமே இல்லை. உணவு ஆலோசகரைப் பார்க்க ஒரே ஒரு முறைதான் வாய்ப்புக் கொடுத்தார்கள். இரைப்பை முடக்கம் உள்ளவர் கொழுப்பையும் நாரையும் குறைத்து, நன்றாக மசித்ததைச் சிறிது சிறிதாகப் பல வேளைகள் உண்ண வேண்டும், ஆனால் எனக்குத் தந்த அச்சிட்ட தாள் நார்ச்சத்தைக் கூட்டச் சொல்லும் பொதுவான தாள். நல்லவேளையாக மருத்துவர் அதைப் பார்த்துத் திருத்தினார். இரைப்பை குடல் பிரிவும் வலிப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவர் குறிப்பு இன்னொருவர் கணினியில் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் கதையைத் தொடக்கத்திலிருந்து நான்தான் சொல்ல வேண்டும். வலியோடு வருகிறவரிடம் எட்டுப் பக்கக் கேள்வித்தாளை ஒவ்வொரு சந்திப்புக்கும் நிரப்பச் சொல்வதை அவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வலியைத் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று நம்பிப் போனால் இந்தச் சேவை ஏமாற்றும். மூன்று மாதம் தாண்டிய வலியோடு, கட்டு சரியாக இருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் தயங்காமல் போகலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, எச்சிலைக் கூட விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி அல்லது வாந்தி எடுக்க முடியாத கடும் குமட்டல், கறுப்பு மலம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அது வலிப் பிரிவுக்கான வேலையில்லை. நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிப் பிரிவுக்குப் போகும்போது அறுவைக் குறிப்பின் நகல், சோதனைகளின் அறிக்கைகள், இரண்டு வாரம் எழுதிய வலிக் குறிப்பு, கூடவே உங்களுக்காகக் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒருவர், இவ்வளவும் வேண்டும்.

போன வாரச் சந்திப்பில் மீண்டும் அந்த மனித உருவத் தாளைக் கொடுத்தார்கள். இந்த முறை இடது விலாவுக்குக் கீழே ஒரு நாணயம் அளவுக்கும், நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவுக்கும் தீட்டினேன். மருத்துவர் முதல் நாள் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நாணயத்தைக் காட்டி, இதற்கு இன்னும் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். உள்ளங்கையைக் காட்டி, இதை ஆறு மாதம் கழித்து ஸ்கேன் செய்து மறுபடி அளப்போம் என்றார். இரண்டு தேதிகளையும் என் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.